சவுரியம்மாள் கேட்டு சாத்துகிறாள்

ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் விழுப்புரத்தை விட்டு நகரும்போதே தேவசகாயத்துக்குக் கண் செருகிவிடும். வாரம் பூராவும் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி இடித்த உடம்பு. ஜன்னலுக்கு வெளியே முண்டியம்பாக்கம் வரும், விக்கிரவாண்டி வரும், பேரணி வரும். எல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல ஆடிக்கொண்டே வரும். பனைமரங்கள் கால் இல்லாமல் நிற்கும். வெயில் காலத்தில் அந்தப் பக்கத்துத் தரை அப்படித்தான், எதற்கும் கால் தெரியாது. மயிலம் தாண்டியதும் அவன் விழித்துக்கொள்வான். திண்டிவனம் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால், பாதையிலிருந்து ஒரு வயல் தள்ளி, வெள்ளையடித்த நீளமான கட்டடம் ஒன்று தெரியும். அதன் ஜன்னல்களில் ஒன்றுக்குப் பின்னால் அவன் மனைவி படுத்திருந்தாள்.

சவுரியம்மாளுக்கு மாசி மாதத்தில் வலது பக்கம் இழுத்துக்கொண்டது. கையும் காலும் போயின. பேச்சில் முக்கால்வாசி போயிற்று. புத்தி எவ்வளவு போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் இல்லை. பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டில் அவளைப் போட்டுவிட்டு அவன் வேலைக்குப் போக முடியாது. கோயில் சாமியார் சொல்லி, கன்னியாஸ்திரிகள் நடத்தும் இந்த இல்லத்தில் சேர்த்தான். எழுந்திருக்க முடியாதவர்களுக்கான இடம் அது. அங்கே சவுரியம்மாள் மட்டும் எழுந்துகொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவன் உள்ளே போனபோது அவளுடைய இடது கையைக் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். பழைய புடவைக் கிழிசல்தான், தளர்வாகத்தான் கட்டியிருந்தார்கள். இருந்தாலும் மணிக்கட்டு சிவந்திருந்தது. நெற்றியில் பிளாஸ்திரி. அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அம்சா இது? மாட்டக் கட்டிப்போட்ட மாதிரி" என்றான் ஆயாவிடம்.

"என்ன இன்னாண்ணே பண்ணச் சொல்ற? பெரிய மதர் கட்டச் சொன்னாங்க. ரயிலு சத்தம் கேட்டாப் போதும், எழுந்துக்கினு ஓடப் பாக்குது. நேத்து விழுந்து நெத்தி பேந்துடுச்சி. இப்ப நீ வந்தியே ஒரு வண்டி, அதுக்குந்தான் எழுந்துச்சி. கட்டலன்னா இந்நேரம் கீழதான் கெடந்திருக்கும்."

தான் தூங்கிக்கொண்டே வந்த வண்டி என்று தேவசகாயத்துக்குத் தோன்றியது. அதற்கு மேல் அதைப் பற்றி நினைக்க அவன் விரும்பவில்லை. தூக்கில் கொண்டுவந்த கேப்பைக் கூழைக் கரைத்து, கரண்டியால் அவளுக்கு ஊட்டினான். வலது கடைவாய் வழியே வழிந்ததைத் துண்டால் துடைத்தான். அவள் விழுங்கினாள். கண்ணை ஜன்னலிலிருந்து எடுக்கவில்லை.

வாசலிலிருந்து வந்தால் முதலில் அஞ்சம்மாளின் கட்டில். அதற்கு அப்பால், நடுவில் ஆள் நடக்கிற அளவு தரை விட்டு, ஜன்னலோரம் சவுரியம்மாளின் கட்டில். அஞ்சம்மாள் பிரம்மதேசத்தில் பெரிய குடியானவர் வீட்டுப் பெண். புருஷன் இறந்து, இடுப்பு எலும்பும் முறிந்த பிறகு, மைத்துனன்மார் கொண்டுவந்து இங்கே விட்டுப் போயிருந்தார்கள். வந்த அன்றே தன் கட்டிலை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னாள். சேரிக்காரிக்குப் பக்கத்தில் படுக்க மாட்டாள். வேறு இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீர்ப் பானையை மட்டும் தன் தலைமாட்டில் தனியாக வைத்துக்கொண்டாள்.

"ரயிலு வந்தா இவளுக்கு இன்னாப்பா?" என்று அவனிடம் கேட்டாள். அவனோடு அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"ரயில்வே கேட்டு பாத்துக்கினு இருந்தாங்கம்மா. முண்டியம்பாக்கம் தாண்டி."

"அப்படிச் சொல்லு. நானும் பாக்கறேன், கெடக்குற கெடையில அதிகாரம் மட்டும் போவலியேன்னு." அஞ்சம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அவளால் திரும்பிப் படுக்க முடியாது. "எம்மாந்நேரம் நிக்க வெப்பாளுங்க தெரியுமா இவளுங்க? சந்தைக்கு மல்லாட்டை ஏத்திக்கினு வந்தா, மாடு நொரை தள்ளிக்கினு நிக்கும். ரயிலு எங்கியோ செங்கல்பட்டுல இருக்கும். இவளுங்க சாத்திடுவாளுங்க."

அது பொய் இல்லை. சவுரியம்மாள் சீக்கிரமே சாத்துகிறவள். தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்கில் வேலை செய்கிறவனின் மனைவிக்குப் பகல் கேட்டைக் கொடுப்பது ரயில்வேயில் வழக்கம். அப்படித்தான் அவளுக்கு அந்த வேலை வந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து விக்கிரவாண்டிச் சந்தைக்குப் போகும் வண்டிகள் எல்லாம் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். எவ்வளவு பெரிய வீட்டு வண்டியானாலும் நின்றது. வண்டியிலிருந்து இறங்கி வந்து மிரட்டுவார்கள். அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தச் சாலையில் மற்ற எல்லா இடத்திலும் அவள்தான் அவர்களுக்கு ஒதுங்கி நிற்க வேண்டும். அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் மட்டும் அவர்கள் அவளுக்காக நின்றார்கள்.

பெரிய மதர் அவனைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். பிரெஞ்சுக்காரி. தமிழை வேதபுத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டவர்.

"தேவசகாயம், இவள் இன்னொரு முறை விழுந்தால் நான் உள்ளறைக்கு மாற்றுவேன். அங்கே ஜன்னல் இல்லை. சத்தம் கேட்காது."

"அங்க போனவங்க திரும்பி வெளிய வர்றதில்லீங்களே மதர்."

"விழுந்து இறப்பதற்கு அது மேல் அல்லவா? நீர் சொல்லும்."

உள்ளறையை அவன் ஒரு தடவை, கதவு திறந்தபோது எட்டிப் பார்த்திருக்கிறான். புத்தி தடுமாறியவர்களுக்கானது. சுவரோரம் பாய்கள், பாய்களில் ஆட்கள், மேலே ஒரு காற்றுத் துவாரம். பார்க்க வருகிறவர்களை அங்கே விடுவதில்லை. அங்கே இருந்தவர்கள் யாரும் எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அவன் கட்டிலுக்குத் திரும்பி வந்தபோது தெற்கே ஊதல் கேட்டது. யுத்தம் தொடங்கியதிலிருந்து மிலிட்டரி வண்டிகள் நினைத்த நேரத்துக்கு வந்தன, கணக்கு ஒன்றும் கிடையாது. சவுரியம்மாளின் இடது பக்கம் முழுவதும் விறைத்தது. கட்டிய கையை இழுத்தாள். செத்த பாதியைத் தூக்கிக்கொண்டு உயிருள்ள பாதி எழுந்தது. அவன் தோளைப் பிடித்து அழுத்தினான். நோயாளியின் தோளாக அது இல்லை.

"கேட்டு" என்றாள்.

"சாத்தியாச்சி சவுரி. நான் சாத்திட்டேன்."

அவள் அவனைப் பார்த்தாள். யாரோ வழிப்போக்கன் சொல்வதைக் கேட்பதுபோலப் பார்த்துவிட்டு மறுபடியும் இழுத்தாள்.

அவனுக்குப் புரிந்தது. சாத்தியாச்சு என்று வாயால் சொல்வதை அந்த வேலையில் யாரும் நம்புவதில்லை. அந்தக் கேட்டின் பூட்டு ஒரு மாதிரியானது. சங்கிலியை மாட்டிப் பூட்டினால்தான் சாவி வெளியே வரும். திறந்திருக்கும்போது சாவி பூட்டிலேயே சிக்கிக்கொண்டு நிற்கும். ஆகவே, கையில் சாவி இருந்தால் கேட்டு சாத்தியிருக்கிறது என்று அர்த்தம். கை காலியாக இருந்தால் திறந்து கிடக்கிறது. சவுரியம்மாளின் கை மாசியிலிருந்து காலியாக இருந்தது.

அந்த வாரம் அவன் விழுப்புரம் யார்டில் பாண்டுரங்கன் மேஸ்திரியிடம் போய் நின்றான்.

"பழைய கேட்டுச் சாவி ஒண்ணு வேணும் மேஸ்திரி."

"எந்தக் கேட்டுக்குடா?"

"எந்தக் கேட்டுக்கும் இல்ல. எம் பொண்டாட்டி கையில குடுக்கணும். சாவி கையில இருந்தா படுத்துக்குவா."

"பூட்டு?"

"பூட்டு வேணாங்க."

பாண்டுரங்கன் பீடியை வாயிலிருந்து எடுத்தான். "பூட்டில்லாத சாவியக் குடுத்தா பொண்டாட்டி சும்மா கெடப்பாளா? இது தெரியாமப் போச்சே. இரு, எனுக்கும் ஒண்ணு எடுத்துக்கறேன். ஊட்ல ஒரே பேஜாரு." துருப்பிடித்த சாமான்கள் கிடந்த பெட்டியைக் கிளறி ஒரு கனமான சாவியை எடுத்தான். பல் தேய்ந்திருந்தது. "எத்துக்கும் சேராது. எடுத்துக்கினு போ. எவனாச்சும் கேட்டா நான் குடுக்கலன்னு சொல்லு." அவன் போகும்போது பின்னாலிருந்து கேட்டான்: "சாப்டறாளா?"

"சாப்டறா மேஸ்திரி."

"அப்புறம் இன்னா. போ."

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாவியை அவள் இடது உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினாள். தலை, தண்டு, தேய்ந்த பல். நீண்ட நேரம் தடவினாள். அம்சாவிடம் சொல்லிக் கட்டை அவிழ்க்க வைத்தான். பிறகு எல்லோரும் ரயிலுக்காகக் காத்திருந்தார்கள். அஞ்சம்மாள்கூட மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள்.

மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்து சுண்ணாம்புச் சுவரில் அசைந்துகொண்டிருந்தது. அறையின் ஓரங்கள் கரைந்து போயிருந்தன. தெற்கே ஊதல் எழுந்தது. முதலில் தரை கேட்டது, பிறகு கட்டில் கால்கள் கேட்டன, பிறகு மேஜைமேல் இருந்த மருந்துப் புட்டிகள் ஒன்றோடொன்று மெல்ல உரசின. சவுரியம்மாள் சாவியை மார்போடு வைத்துக்கொண்டு நேராகப் படுத்தாள். வண்டி வயலுக்கு அந்தப் பக்கமாகப் போயிற்று, ஆனால் அறைக்குள் போவதுபோலத்தான் இருந்தது. பெட்டிகளின் நிழல்கள் சுவரில் ஒவ்வொன்றாக ஓடின. இரண்டு கட்டில்களுக்கும் நடுவே இருந்த தரையில் தண்டவாளம் பளபளப்பதாகத் தேவசகாயத்துக்குத் தோன்றியது. அவன் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டான். சவுரியம்மாளின் முகத்தின் நல்ல பாதி அமைதியாக இருந்தது. அவளுக்கு இழுத்துக்கொண்ட பிறகு அப்படி ஒரு முகத்தை அவன் பார்த்ததில்லை.

சத்தம் மறைவதற்கு முன்பே அவனுக்கு நேரமாகிவிட்டது. ஸ்டேஷனுக்கு ஓடினான். திரும்பும் வண்டியில் தூங்காமல் உட்கார்ந்து, ஓமந்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவனிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு போனான்.

அடுத்த ஞாயிறு கட்டு மறுபடியும் இருந்தது. இந்தத் தடவை இரண்டு முடிச்சு.

"ரயிலு வரும்போது கெடக்குதுண்ணே. நல்லாத்தான் கெடக்குது" என்றாள் அம்சா. "போன அப்புறந்தான் எழுந்துக்குது. முன்னவிட மோசம். கத்துது. காலைல நான் பிடிச்சிக்கலன்னா மண்டை போயிருக்கும். ரெண்டு பேருமா விழுந்தோம். எனுக்கு முட்டி வீங்கிப் போச்சி, பாரு."

தேவசகாயம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். தன் தவறு அவனுக்கு உடனே தெரிந்தது. கேங்கு ஆளின் தவறு அது. கேங்கு ஆள் ஊதல் கேட்டால் பாதையை விட்டு இறங்குவான், வண்டி போனால் மறுபடி ஏறி இடிப்பான். அவனுக்கு வண்டி போனதோடு ஆபத்து முடிந்தது. கேட்டுக்காரிக்கு முடிவதில்லை. வண்டி போன பிறகு இரண்டு பக்கமும் மாடுகள் வெயிலில் நிற்கின்றன, ஆட்கள் கத்துகிறார்கள், சாவி அவள் கையில் இருக்கிறது. அவள் போய்த் திறக்க வேண்டும். இத்தனை வருஷம் அவளோடு குடித்தனம் செய்தவன், வேலையில் பாதியைத்தான் அவள் கையில் கொண்டுவந்து கொடுத்திருந்தான்.

பெரிய மதர் வந்து நின்றார். "நான் கல் அல்ல, தேவசகாயம். ஆனால் கட்டில்கள் நிறைய, ஆயாக்கள் இரண்டு பேர். ஒருத்திக்கு இப்போது முட்டி இல்லை. நாளைக் காலையில் இவளை உள்ளே மாற்றுகிறோம்."

"சாயங்காலம் வரிக்கும் பாக்கறேங்க மதர்."

"எதைப் பார்ப்பீர்?"

அது அவனுக்கும் தெரியவில்லை. "பாக்கறேங்க" என்றான்.

மத்தியானம் நகராமல் நின்றது. ஈக்கள்கூடச் சுவரில் தூங்கின. அஞ்சம்மாள் வாயைத் திறந்துகொண்டு உறங்கினாள். அவன் முடிச்சுகளை அவிழ்த்துவிட்டு, அவள் தோளுக்குக் கீழே தன் கையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். தானும் தூங்கினானா என்று அவனால் சொல்ல முடியாது. ரயில் வந்தது. புட்டிகள் உரசின, நிழல்கள் ஓடின, அவள் சாவியோடு நேராகக் கிடந்தாள். கடைசிப் பெட்டி போயிற்று.

அவள் எழுந்தாள்.

"தொறந்தாச்சி சவுரி. படு." சாவி அவள் கையில் இருக்கும்போது அதைச் சொல்வது எவ்வளவு முட்டாள்தனம் என்று தெரிந்தே சொன்னான். சாவியை வாங்கப் பார்த்தான். அவள் அவன் கையைக் கடித்தாள். சாவியை யாரிடமும் கொடுக்கக் கூடாது என்பது விதி, இன்ஸ்பெக்டரே கேட்டாலும் கொடுக்கக் கூடாது. இடது கால் தரையைத் தொட்டுவிட்டது. அவள் தொண்டையிலிருந்து சொல் இல்லாத ஒரு சத்தம் வந்தது. அவன் அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அம்சா முட்டியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோடியிலிருந்து நொண்டி வந்துகொண்டிருந்தாள்.

அப்போது அஞ்சம்மாள் தூக்கத்திலிருந்து கத்தினாள்.

"ஏய், கேட்டுக்காரி. எம்மாந்நேரண்டி? ரயிலு போயி எந்நேரம் ஆவுது? மாடு காயுது, ஜல்தி தொற."

கண் மூடியே இருந்தது. அவள் எங்கேயோ வண்டியில் உட்கார்ந்திருந்தாள். கடலை மூட்டைகளின் மேல், குடை பிடித்துக்கொண்டு, இடுப்பு ஒடியாமல்.

சவுரியம்மாள் அசைவதை நிறுத்தினாள். தலையைத் திருப்பிக் குரல் வந்த பக்கம் பார்த்தாள். முகத்தின் நல்ல பாதி மெல்ல நிமிர்ந்தது. சாவியைக் கட்டைவிரலுக்குள் இடுக்கிக்கொண்டு, உள்ளங்கையை அந்தப் பக்கம் காட்டினாள்.

"இரு" என்றாள். தெளிவாகச் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, "இன்னொண்ணு வருது."

"இன்னாது?" அஞ்சம்மாள் விழித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு. வருது. நில்லு."

சவுரியம்மாள் தானாகப் பின்னால் சாய்ந்தாள். தேவசகாயம் காலைத் தூக்கி மேலே வைத்தான். திறக்க வேண்டியதில்லை. இன்னொரு வண்டி வரும்போது சாத்தின கேட்டு சாத்தினபடியே இருக்க வேண்டியதுதான். யார் கத்தினாலும் நிற்க வேண்டியதுதான். யுத்த காலம், வண்டிக்குப் பின் வண்டி வந்துகொண்டே இருக்கும். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"நான் இன்னாப்பா சொன்னேன்?" என்று அஞ்சம்மாள் கேட்டாள்.

"கேட்டத் தொறக்கச் சொன்னீங்க."

"அதுக்கு அவ இன்னான்றா?"

"நிக்கச் சொல்றா."

"திமிரப் பாரு" என்றாள் அஞ்சம்மாள். "படுத்துக்கினே நிறுத்தறா."

பெரிய மதர் மறுநாள் மாற்றவில்லை. ஒரு வாரம் பார்ப்போம் என்று விட்டுவிட்டார். அந்த வாரம் நடந்ததை அம்சா பிற்பாடு சொன்னாள். ரயில் போனதும் சவுரியம்மாள் எழப் பார்ப்பாள். உடனே அஞ்சம்மாள் திட்டத் தொடங்குவாள். "அடியே, எங்க ஊரு போவறதா வேணாமா?" "சந்தை கலைஞ்சிடும்டி." "உங்க இன்ஸ்பெட்டர்கிட்டச் சொல்லிக் கேட்டப் புடுங்கிப் போடறேன் பாரு." திட்டத் திட்டச் சவுரியம்மாள் சமாதானமாகிப் படுத்துக்கொள்வாள். இரு, இன்னொண்ணு வருது. அஞ்சம்மாளுக்கும் இது பிடித்துப்போயிற்று. அங்கே வேறு யாரும் அவள் திட்டுவதைக் கேட்கவில்லை. இரக்கத்தால் செய்தாள் என்று சொல்ல முடியாது. தண்ணீர்ப் பானை இன்னும் தனியாகத்தான் இருந்தது.

தேவசகாயம் அடுத்த ஞாயிறு வந்தபோது கட்டில் கம்பியில் துணி இல்லை. சவுரியம்மாளின் மணிக்கட்டில் கட்டின தடம் ஆறிக்கொண்டிருந்தது. அவன் தூக்கை எடுத்துக்கொண்டு அஞ்சம்மாளின் கட்டிலைத் தாண்டி நடுத் தரையில் ஒரு அடி வைத்தான்.

சவுரியம்மாள் கையைக் காட்டினாள்.

அவன் நின்றான். பிறகு இன்னொரு அடி வைத்தான். அவள் உடம்பு விறைத்தது. இடது கால் கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்தது. அவன் காலைப் பின்னால் எடுத்தான். அவளும் காலை உள்ளே எடுத்துக்கொண்டாள்.

"நான் சவுரி. தேவசகாயம்."

அவள் அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை. அவன் தலைக்கு மேலே, அவனுக்குப் பின்னால் நிற்கிற வண்டிகளின் வரிசையைக் கண்ணால் அளப்பதுபோல இருந்தது.

"எனுக்கே தொறக்கல, ஒனக்காத் தொறந்துடப் போறா?" என்றாள் அஞ்சம்மாள். "உக்காரு. ஆயாளுங்க போனா உடறா. வண்டிக்காரன் மாதிரி இருக்கறவன உடமாட்டா."

அவன் தூக்கை அம்சாவிடம் கொடுத்தான். அம்சா தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க் கூழ் ஊட்டினாள். அவன் கரைக்கிற மாதிரி அவளுக்குக் கரைக்க வரவில்லை, கட்டி தட்டியிருந்தது. சவுரியம்மாள் விழுங்கினாள். கடைவாயில் வழிந்ததை அம்சா சரியாகத் துடைக்கவில்லை. அவன் கீழே, அஞ்சம்மாளின் கட்டில் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கையை நீட்டினால் எட்டும் தூரம்தான். போனால் அவள் எழுவாள், எழுந்தால் விழுவாள், விழுந்தால் உள்ளறை. போகாமல் இருப்பது ஒன்றுதான் அவளுக்காக அவன் செய்யக்கூடியதாக மிச்சமிருந்தது. அதற்காக ஒவ்வொரு ஞாயிறும் விழுப்புரத்திலிருந்து வர வேண்டும் என்றும் தெரிந்தது.

வெயில் சுவரில் அசைந்தது. பின்னால் எங்கேயோ மாடுகள் மணியை ஆட்டிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. யாரோ இருமினார்கள். யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள். இல்லத்தில் குழந்தைகள் கிடையாது. கேட்டுக்கு இந்தப் பக்கம் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் ஊருக்குப் போக வேண்டியவர்கள், யாருக்கும் அவசரம் இல்லை.

அவன் எழுந்து நின்று, சாலையில் அவளிடம் யாரும் கேட்டிராத மரியாதையோடு கேட்டான்.

"எப்பம்மா தொறப்பீங்க?"

சவுரியம்மாள் தெற்கே பார்த்தாள். வடக்கே பார்த்தாள். இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் பதில் சொன்னாள்.

"வண்டி போவட்டும்."

"சரிங்க" என்று சொல்லி அவன் மறுபடியும் உட்கார்ந்துகொண்டான்.